முதல் அடி என்னுடையது

என் மகன் மூக்கண்டப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வருவார்கள். போன மாதம் ஒரு நாள் அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். முகமூடி போட்டுக்கொண்டு, மாடிக்கு மாடி தாவி, திருடர்களைப் பிடித்து உதைக்கிற சூப்பர் ஹீரோ, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டுமா, தானே தண்டனை கொடுத்துவிடலாமா என்று.

"போலீஸ்ல சேர்ந்துட்டான்னு வையி, பறக்கறதுக்கு முந்தி இன்ஸ்பெக்டர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அதுக்குள்ள திருடன் பெங்களூர் போயி காப்பி குடிச்சுருவான்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். "நீங்க சொல்லுங்கப்பா" என்று என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கென்னப்பா தெரியும்" என்று எழுந்து பூஜை அறைக்குள் போய்விட்டேன்.

தெரியும். ஐம்பதுகளில் எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். முகமூடி மட்டும் கிடையாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எட்டாவது வரை படித்தவன் நான், எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

கெலமங்கலத்திலிருந்து எல்லைப் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். கேழ்வரகும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலம். ஊரில் மாடு திருட்டுப் போவது அப்போது சாதாரணம். திருடியவன் மைசூர் எல்லைக்குள் ஓட்டிவிட்டால் இந்தப் பக்கத்துப் போலீஸ் கையை விரித்துவிடும். அந்தப் பக்கத்துப் போலீஸ் இந்தப் பக்கத்து மனுவைத் தொடாது. மாடு போனவன் இரண்டு பக்கமும் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் பெரியண்ணன் இறங்கினார். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நல்ல நிலபுலம் உள்ளவர். எருது விடும் விழாவில் கூட்டத்துக்குள் பாய்ந்த எருதை ஒற்றை ஆளாகக் கொம்பைப் பிடித்து நிறுத்தினார். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு விதவையின் இரண்டு பசுக்களை எல்லைக்கு அப்பால் போய் மீட்டு ஓட்டி வந்தார். அந்தம்மா அவர் காலில் விழுந்தபோது, "எழுந்திரும்மா, இதுக்குப் போயி" என்று வெட்கப்பட்டார். யாரிடமும் ஒரு பிடி தானியம்கூட வாங்கமாட்டார். அவர் தெருவில் வந்தால் பெண்கள் குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் அவருக்காக முனீஸ்வரனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வைத்திருந்த முறை இது. பிடித்து வந்தவனை முனீஸ்வரன் கோயில் முன்னால் நிறுத்துவார். மாட்டைப் பறிகொடுத்தவன் கற்பூரம் ஏற்ற வேண்டும். பிடிபட்டவன் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தால் விட்டுவிடுவார். அப்படி இரண்டு பேரை விட்டதும் உண்டு. சத்தியம் செய்யாதவனுக்குக் கால் போகும். முதல் அடி மாட்டுக்காரன் அடிக்க வேண்டும். வயிற்றெரிச்சல் தீரட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார் என நினைத்தேன். என் முறை வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என்னிடம் ஒரு ஜோடி எருது இருந்தது. இரண்டும் வெள்ளை. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கியிருந்த வாரம். ஒரு விடியற்காலை கொட்டிலுக்குப் போனால், நுகத்தின் இடப்பக்கம் இழுக்கிற எருதைக் காணோம். கயிறு பாதியில் அறுந்து கிடந்தது. யானை வாசனைக்கு மிரண்டு இழுத்து அறுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று என் மாடு மேய்க்கிற ஆள் சொன்னான். எங்கள் ஊர்ச் சேரியைச் சேர்ந்தவன், என் அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் வேலை செய்கிறவன். நான் கேட்கவில்லை. கத்தி போட்ட கயிறு என்றே என் கண்ணுக்குத் தெரிந்தது.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். அங்கே இருந்த ரைட்டர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "பவுண்டுல போயி பாத்தியா?" என்றார். பயிர் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற பட்டியைத்தான் அப்படிச் சொல்வோம்.

"திருட்டுப் போன மாடு பவுண்டுக்கு எப்படிங்க வரும்?"

"திருட்டுப் போச்சுன்னு மாடு வந்து உங்கிட்ட சொல்லிச்சா? போய்ப் பாத்துட்டு வாய்யா, அப்புறம் எழுதிக்கலாம்."

தட்டிக் கழிக்கிறார் என்று எனக்குக் கோபம். பவுண்டு இருந்த பக்கம் திரும்பாமல் நேராகப் பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் என் தோளில் கை வைத்து, "அழுவாதே. மூணு நாள் பொறு" என்றார். அந்தக் கை பட்டதும் எனக்குச் சாமி வந்து நின்ற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து மாட்டுத் தரகன். சந்தைக்குச் சந்தை மாடுகளை நடத்திக்கொண்டு போய் விற்கிறவன். நாற்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. கழுத்தில் சின்ன வெள்ளிச் சிமிழ் தொங்கியது. அதற்குள் லிங்கம். அவனோடு ஐந்து மாடுகள். அதில் ஒன்று வெள்ளை எருது, கொம்பு வளைவும் உயரமும் என் மாடு மாதிரியே.

"பாரு, உன் மாடுதானே?" என்றார் பெரியண்ணன்.

தொடையில் சூட்டுத் தழும்பு இருந்தது. என் மாட்டுக்கும் அதே தொடையில் இருந்தது. பக்கத்து ஊர்களில் பாதி மாட்டுக்கு அங்கேதான் சூடு போடுவார்கள். நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது. எந்த மாடும் திரும்பும். ஊரே சுற்றி நின்றது. பெரியண்ணன் எனக்காக மூன்று நாள் அலைந்திருக்கிறார். எனக்கு மாடு வேண்டும், விதைப்புக் காலம்.

"என் மாடுதாண்ணா" என்றேன்.

தரகன் கன்னடத்தில் கெஞ்சினான். "ஸ்வாமி, தேவராணெ, இது நன்ன எத்து." கடவுள் சத்தியமாக இது என் எருது என்று. சந்தையில் வாங்கிய சீட்டை எடுத்து நீட்டினான். பெரியண்ணன் அதை வாங்கினார், பிரிக்கவில்லை, மடியில் செருகிக்கொண்டார். "கற்பூரம் ஏத்து" என்றார் என்னிடம்.

ஏற்றினேன். தரகன் கையை நீட்டவில்லை. மார்பிலிருந்த சிமிழைப் பிடித்துக்கொண்டான். இதன்மேல் எத்தனை சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன், இதைக் கட்டிக்கொண்ட கையால் வேறு சாமி முன்னால் சத்தியம் செய்ய மாட்டேன், எங்கள் குருவுக்குக் கொடுத்த வாக்கு என்றான். கோயில் முன்னால் கிடா வெட்டிய ரத்தம் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா? முனீஸ்வரன் முன்னால கை நீட்டப் பயப்படறான்" என்றார் பெரியண்ணன்.

"யோக்கியனா இருந்தா நீட்டமாட்டானா? திருட்டுப் பய" என்றது கூட்டம்.

இங்கேதான் நான் ஒன்று சொல்ல வேண்டும். லிங்கம் கட்டியவர்கள் வேறு தெய்வத்தின் முன்னால் கை நீட்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கெலமங்கலம் சந்தையில் அவர்களோடு பழகியிருக்கிறேன். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கும் முன்னால்கூட அந்தச் சிமிழைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் தினமும் சிவபூஜை செய்கிறவன் நான் ஒருவன்தான். அவன் சொன்னதன் அர்த்தம் என் ஒருவனுக்குத்தான் முழுதாக விளங்கியது. வாயைத் திறக்கவில்லை.

என் ஆளைக் கூப்பிட்டு, "டேய், கயித்தைப் புடி" என்றார் பெரியண்ணன். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். தரகனைப் புங்கமரத்தில் சாய்த்துக் கட்டினார்கள். வலது காலைக் கல்லின்மேல் தூக்கி வைத்தார்கள். மாடு கட்டும் முளையை அடிக்கிற கொட்டாப்புளியைப் பெரியண்ணன் என் கையில் கொடுத்தார். நல்ல கனம். வேலமரத்தில் செய்தது.

அடித்தேன்.

"என்ன, கொசு அடிக்கிறியா?" என்றார். கூட்டம் சிரித்தது. யாரோ, "சாமி பூ எறியறாரு" என்றார்கள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. இரண்டாவது அடி என் முழு பலத்தோடு விழுந்தது. கணுக்காலில். பச்சைக் கரும்பை முறிக்கிற மாதிரி சத்தம். மற்றதையெல்லாம் பெரியண்ணன் செய்தார், ஏழோ எட்டோ. தரகன் ஒவ்வொரு அடிக்கும் "சிவனே" என்று கத்தினான். நானும் தினமும் காலையில் அதே பெயரைத்தான் சொல்கிறேன். பிறகு அவனை ஒரு வண்டியில் போட்டு, எல்லைக்கு அப்பால் பாலத்தடியில் இறக்கிவிட்டு வந்தார்கள். மற்ற நாலு மாடுகளையும் அங்கேயே அவிழ்த்துவிட்டார்கள். நம்ம ஊருது இல்லாத மாடு நமக்கு எதற்கு என்றார் பெரியண்ணன். அவர் அப்படிப்பட்டவர்தான்.

சாயந்தரம் என் மனைவி கழுநீர்ப் பானையைக் கொண்டுபோய் அந்த எருதின் முன்னால் வைத்தாள். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னங்க, இது நம்மது இல்லீங்க. நம்மது பானையையே கவுத்துருமே."

"மூணு நாள் பட்டினி. மிரண்டு போயிருக்குது. வாயை மூடு."

காலையில் ஏர் பூட்டினேன். என் மாடு எப்போதும் இடப்பக்கத்து மாடு. இதை இடப்பக்கம் நிறுத்தினால் பின்னாலேயே சுற்றி வலப்பக்கம் வந்து நின்றது. இழுத்து நிறுத்தினேன். மறுபடியும் சுற்றி வந்து வலப்பக்கம் கழுத்தைக் குனிந்து கொடுத்தது. சாட்டையால் அடித்தேன். அடி வாங்கிக்கொண்டே வலப்பக்கம் வந்து நின்றது. வருஷக்கணக்காக வலப்பக்கம் பூட்டிப் பழக்கிய மாடு. என் ஆள் மேழியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்படியே விட்டுவிட்டுப் பெரியண்ணனிடம் ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ணா, மாடு மாறிப்போச்சுணா."

"மாறலை."

"இல்லைணா, வலப்பக்கத்து மாடு. நான் பூட்டிப் பாத்துட்டேன்."

உருண்டையை முழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார். "என் மாடுன்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"மொத அடி யாரு அடிச்சது?"

அவர் அடுத்த உருண்டையைப் பிட்டார்.

"அப்பறம் என்ன? இப்ப போயி தப்பான ஆளை அடிச்சுட்டோம்னு சொன்னா நாளைக்கு எவன் பயப்படுவான்? பயம் போச்சுன்னா இந்த ஊருல ஒரு வால் மிஞ்சாது. ஒருத்தன் காலு போனது போனதுதான். ஊரு மாட்டை யோசி. போ, வலப்பக்கமே பூட்டு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் ஒன்றிரண்டு கால்களை ஒடித்த பிறகு, இரண்டு வருஷமாக ஊரில் ஒரு மாடு திருட்டுப் போகவில்லை. அதனால்தான் திரும்பி வந்தேன். முதல் அடியை எங்கள் கையால் அடிக்க வைத்தது எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவர் கூடத்திலிருந்து எங்கள் யாருக்கும் ஸ்டேஷனுக்கு வழி கிடையாது.

நாலு நாள் கழித்து என் ஆள் ஓடி வந்தான். "சாமி, நம்ம மாடு பவுண்டுல கீது சாமி. யாரு கேவுரையோ மேஞ்சுதாம். புடிச்சு அடைச்சு வெச்சிருக்காங்க. நான் கண்ணால பாத்தேன்."

போனேன். முள்வேலிக்குள் பத்துப் பன்னிரண்டு மாடுகள். என் எருது ஓரமாக நின்றிருந்தது. என்னைக் கண்டதும் மற்ற மாடுகளைத் தள்ளிக்கொண்டு வேலிக்கு வந்து, மூக்கை வேலிக்கு வெளியே நீட்டியது. என் கையை நக்கியது. இதை ஓட்டிக்கொண்டு போனால் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். ஒரே கொட்டிலில் மூன்று வெள்ளை மாடு நிற்கும்.

பவுண்டுக்காரர் வந்தார். "உங்களுதா?"

"இல்லீங்க."

"உங்க கையை நக்குது?"

"உப்புக் கையி. வேற மாடு தேடி வந்தேன். இங்க இல்லீங்க."

நடந்தேன். பின்னால் கத்தியது. கொஞ்ச தூரம் வரை கேட்டது. கெடு முடிந்து அதை ஏலம் விட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. எடுத்தவர் உழவரா, கசாப்புக்காரரா என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் ஆளிடம், "நீ பாத்தது வேற மாடு" என்றேன். "சரிங்க சாமி" என்றான்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. தரகன் அந்தப் பக்கத்தில் புகார் கொடுத்து, அது எப்படியோ இந்தப் பக்கம் வந்து, சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு போலீசோடு இறங்கினார். பின்னால் ஒரு கட்டை வண்டியில் தரகன். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த விரல்கள் கறுத்திருந்தன. ஊர் ஆம்பிளைகளைக் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள்.

"யாருய்யா அடிச்சது, காட்டு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

தரகன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பெரியண்ணன் முகத்தில் கண் நின்றது. பெரியண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தரகன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு என்னைக் கை காட்டினான். மொதலு இவரு என்றான்.

பெரியண்ணன் கடகடவென்று சிரித்தார். "சார், யாரைக் காட்டறான் பாருங்க! நெத்தியைப் பாருங்க சார். மூணு வேளை பூஜை பண்ற மனுசன். எறும்பை மிதிச்சா அன்னைக்குச் சாப்பிடமாட்டாரு. இந்தாளுக்கு வலியில கண்ணு தெரியலை."

ஊர் சிரித்தது. சப்-இன்ஸ்பெக்டரும் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். தரகனும் என் விபூதியைப் பார்த்தான். அவன் நெற்றியிலும் அதே விபூதி. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி சரி. எனக்கு ஒரு ஆள் வேணும். வெறுங்கையோட போவ முடியாது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பெரியண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார்.

பெரியண்ணன் யோசிக்கவே இல்லை. "கயித்தைப் புடிச்சது இவன்தான்" என்று என் ஆளைக் காட்டினார்.

அவனை ஒரு போலீஸ்காரர் தலைமுடியைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்தார். அவன் என்னைத்தான் பார்த்தான். "சாமி, சொல்லுங்க சாமி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

வண்டியிலிருந்த தரகன், அவன் இல்லை, அவன் எனக்குத் தண்ணி கொடுத்தான் என்று கன்னடத்தில் கத்தினான். யாருக்குப் புரியாது? எல்லோருக்கும் புரிந்தது.

"ஐயா" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். பெரியண்ணன் புருவத்தைத் தூக்கினார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன், முனீஸ்வரன் சாட்சி. தொண்டையிலிருந்து வந்தது வேறு.

"அவனை அடிக்காதீங்க."

"சாமி சொல்லிட்டாரில்ல, பூ மாதிரி கூட்டிட்டுப் போறோம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மறுபடியும் ஒரு சிரிப்பு. ஜீப்பில் ஏற்றும்போதே முதல் அறை விழுந்தது.

மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். நம்புவீர்களோ என்னவோ, போனேன். அதே ரைட்டர். நடந்ததைச் சொன்னேன், என் அடியையும் சேர்த்து. பாதியில் கையை நீட்டி நிறுத்தினார்.

"அவனே ஒத்துக்கிட்டான்யா. கைநாட்டும் வெச்சுட்டான்."

"அடிச்சு வாங்கியிருப்பீங்க."

"ஆமா, பின்ன முத்தம் குடுத்தா வாங்குவாங்க?" பேனாவை எடுத்து நீட்டினார். "சரி, நீ சொன்னதை எழுதிக் குடு. உன் பேரு, பெரியண்ணன் பேரு, ரெண்டும் எழுதி அடியில கையெழுத்துப் போடு. கேஸு மாறும். மாத்தித்தான் ஆவணும், எஸ்.ஐ.யே நெனச்சாலும் கிழிக்க முடியாது. எழுதறியா?"

என் மகனின் நண்பர்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். சட்டமும் தப்பான ஆளைத்தான் பிடித்தது, அதுவும் அடித்தது, அதுவும் சிரித்தது. ஆனால் அங்கே ஒரு காகிதம் இருந்தது. அதை என் பக்கம் தள்ளி, எழுது என்று ஒருவர் சொன்னார். பெரியண்ணன் கூடத்தில் அந்தக் காகிதம் கிடையாது. எவ்வளவு நல்லவராக இருக்கட்டும், ஒரு காசு தொடாதவராக இருக்கட்டும், அவர் தப்புச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பலம் உள்ளவன் அந்தக் காகிதத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். இது என் தீர்மானமான எண்ணம். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பேனா என் கையில் இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் பெரியண்ணனுடைய வண்டிக்காரன் பீடி பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

"யோசிச்சுட்டு வர்றேங்க" என்று பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

என் ஆளுக்கு ஆறு மாதம் போட்டார்கள். தரகனின் காலைக் கணுக்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். பெரியண்ணன் பல வருஷம் நன்றாக இருந்தார். ஊர் கூடித் தூக்கிப்போய் அடக்கம் செய்தது.

அந்த ஆறு மாதம் முடிந்து ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், என் ஆள் என் வாசலுக்கு எதிரே தெருவில் வந்து நின்றான். பாதி ஆளாக இருந்தான். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. என்மேல் கோபமாக வந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவன் கோபமாக வரவில்லை.

"சாமி, நாளையிலிருந்து மாட்டை ஓட்டிக்கிட்டுப் போவட்டுங்களா?"

ஜெயிலுக்குப் போனவனை யாரும் சேர்க்கக் கூடாது என்று பெரியண்ணன் சொல்லியிருந்தார். அது ஒரு காரணம். தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் பெரிய காரணம். உள்ளே என் மனைவி வேலையை நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"வேற ஆள் வெச்சுட்டேம்ப்பா. வேற எடம் பாரு" என்றேன். வேறு ஆள் யாரையும் வைத்திருக்கவில்லை.

"சரிங்க சாமி" என்றான். போய்விட்டான். அந்த வாரத்திலேயே குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று தெரியாது.

நான் உள்ளே போய்க் கை கால் கழுவி, விபூதி பூசி, விளக்கேற்றி உட்கார்ந்து பதிகம் பாடினேன். குரல் எங்கும் தடுமாறவில்லை.